மெழுகில் பதிந்த குரல்

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு கணம் தயங்கி நிற்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவன் வீட்டில் கிதாபுகள் நிறைந்த அலமாரி இருக்கும் என்பது அவர்கள் எதிர்பார்த்ததே. அந்த அலமாரிக்கு நேர் எதிரே, ஊமத்தம்பூவைப் போல் வாய் விரித்த குழல்களோடு ஐந்து பழைய பெட்டிகள் சுவரோரமாக அமர்ந்திருக்கும் என்பதை எவரும் எதிர்பார்ப்பதில்லை. சிலர் நாகரிகமாகப் பார்வையைத் திருப்பிக் கொள்வார்கள். சிலர், "ஹஜ்ரத், இது பாட்டுப் பெட்டியல்லவா?" என்று கேட்டே விடுவார்கள்.

"பாட்டுப் பெட்டிதான், ஆனால் பாட்டுக்காகவே பிறந்த பெட்டியன்று" என்பது நான் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி. அதற்குப் பின்னே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதை நம் வாசகர்களோடு பகிர்ந்து கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆவல்.

இந்தப் பித்து எனக்குப் பிடித்தது பாட்டனாரின் பெட்டியால். கொழும்பில் கடை வைத்திருந்த அவர்கள், ஊர் திரும்பும்போது ஹெச்.எம்.வி. 102 என்னும் கைப்பெட்டி கிராமபோன் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்கள். கறுப்புத் தோல் போர்த்தியது போன்ற உறை. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளி போல் மின்னும் கை. பக்கவாட்டில் செருகிச் சுற்றும் சாவி. 1931இல் வெளிவரத் தொடங்கிய இந்த வகை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் விற்பனையில் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அது பரணில், உடைந்த தொட்டிலுக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவில், பேச்சு மூச்சின்றிக் கிடந்தது. உள்ளேயிருந்த விற்சுருள் அறுந்து போயிருந்தது.

திருச்சியில் பட்டப் படிப்புப் படித்த நாட்களில், விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். விடுமுறை முடிந்து திரும்புகையில் பெட்டியைத் தோளில் சுமந்து கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "தம்பி, இதுவும் கடிகாரந்தான். கொஞ்சம் வாயாடிக் கடிகாரம்" என்றார். சுருளை வெளியே எடுத்து, கல்லாய் இறுகிக் கிடந்த பழைய மசகை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அறுந்த முனையைச் சூடாக்கி வளைத்து மாட்டி, மூன்று வாரம் கழித்துக் கையில் கொடுத்தார். ஐம்பது ரூபாய் பேசியிருந்தோம், முப்பதுதான் வாங்கினார். அன்றிரவு விடுதி அறையில் சாவியைச் சுற்றி, துருவேறிய ஓர் ஊசியை மாட்டி, தட்டின் மேல் வைத்தேன். மின்சாரமில்லை, மின்கலமில்லை. என் கையின் வலிமையை வாங்கிக் கொண்டு ஒரு பெட்டி பேசியது. அந்த வியப்பு இன்றும் எனக்குத் தீரவில்லை.

பழம்பொருள் சேர்ப்பவர்களைக் குறித்து, அவர்கள் உடைமையில் மகிழ்கிறவர்கள் என்று உலகம் நினைக்கிறது. என்னைப் பொறுத்தவரை அது உண்மையன்று. ஊமையாய்க் கிடந்ததைப் பேச வைப்பதில்தான் என் மகிழ்ச்சி. பேசத் தொடங்கிய பெட்டியைப் பிறகு நான் அதிகம் ஓட்டுவதும் இல்லை.

கிராமபோனை அறிந்த நம்மில் பலர், அதற்கு மூத்த ஃபோனோகிராஃபை அறிந்திருப்பதில்லை. இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறோம். 1877இல் எடிசன் செய்தது ஃபோனோகிராஃப். சுழலும் உருளையின் மேல் வெள்ளீயத் தகட்டைச் சுற்றி, பேச்சின் அதிர்வை ஊசியால் அதில் கீறச் செய்து, அதே கீறலின் மேல் மீண்டும் ஊசியை ஓட்டிப் பேச்சைத் திரும்பக் கேட்டார். அவருக்கே காது சரியாகக் கேட்காது என்பது இதில் பெரிய விந்தை. கருவியின் மரச்சட்டத்தைப் பல்லால் கடித்துக் கொண்டு, எலும்பின் வழியாக ஒலியை உணர்வார் என்பர். பின்னாளில் ஈயத்தகடு போய் மெழுகு உருளை வந்தது. கிராமபோனோ 1887இல் எமில் பெர்லினர் என்பவர் காப்புரிமை பெற்ற வேறொரு கருவி. உருளைக்குப் பதில் தட்டு. தட்டை ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கலாம். ஆகவே வாணிகத்தில் வென்றது அதுதான். ஆனால் ஒன்றை அது இழந்தது. கிராமபோன் பிறர் பேசியதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவே. ஃபோனோகிராஃபோ நீங்கள் பேசுவதையும் வாங்கி வைத்துக் கொள்ளும். வெற்று மெழுகு உருளையை மாட்டி, பதிவு முனையைப் பொருத்தி, குழலுக்குள் வாயை வைத்துப் பேசினால் போதும். வேண்டாமென்றால் மேற்பரப்பைச் சீவிவிட்டு மறுபடி பேசலாம்.

ஹெச்.எம்.வி. தட்டுகளில் குழலுக்கு முன்னால் அமர்ந்திருக்கும் நாயை அறியாதவர் இல்லை. பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் முதலில் வரைந்தபோது அந்த நாய் கேட்டுக் கொண்டிருந்தது ஃபோனோகிராஃபைத்தான். 1899இல் கிராமபோன் கம்பெனி படத்தை விலைக்கு வாங்கியபோது, ஃபோனோகிராஃபின் மேல் வண்ணம் பூசி மறைத்து, தட்டுப் பெட்டியை வரையச் செய்தார்கள். மூத்தவனின் மேல் இளையவனை எழுதிய அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு.

நான் "பாட்டுக்காகவே பிறந்த பெட்டியன்று" என்று சொல்வதற்கு ஆதாரம் எடிசனே. 1878ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில், தம் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று அவர் ஒரு பட்டியல் எழுதினார். கடிதங்களைச் சொல்லிப் பதிவது அதில் முதலாவது. கண் பார்வையற்றோருக்குப் பேசும் நூல்கள், பேச்சுப் பயிற்சி, இன்னும் பலவும் அதில் உண்டு. இசை அவற்றுள் ஒன்று. குடும்பத்தாரின் குரல்களையும், மரணத் தறுவாயில் இருப்போரின் இறுதிச் சொற்களையும் பாதுகாத்து வைப்பது மற்றொன்று.

எங்கள் மதரஸா நிர்வாகத்தில் ஒரு பெரியவர், நான் இப்பெட்டிகளைச் சேர்ப்பதை அறிந்து மிகுந்த கண்ணியத்தோடு என்னைத் தனியே அழைத்து, "இது லஹ்வில் சேராதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். எடிசனின் பட்டியலை அவரிடம் சொன்னேன். இந்தக் கருவி கடல் கடந்து வந்த காலத்திலேயே உலமாக்கள் இதைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில் சையித் உஸ்மான் என்னும் ஆலிம், ஃபோனோகிராஃபில் குர்ஆன் ஓதப்படுவது குறித்து மார்க்கத் தீர்ப்பு எழுதினார். அதையொட்டி 1900இல் ஸ்நூக் ஹுர்குரோன்யே என்னும் டச்சு அறிஞர் 'இஸ்லாமும் ஃபோனோகிராஃபும்' என்று ஒரு கட்டுரையே எழுதினார்.

இந்த ஸ்நூக்கைப் பற்றி இடையில் ஒரு சொல். மக்காவில் 1885இல் பதிவான குர்ஆன் ஓதல் என்று சொல்லி ஓர் ஒலிப்பதிவு கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. என் மாணவர்களே எனக்கு அதை நான்கு முறை அனுப்பிவிட்டார்கள். 1885இல் ஸ்நூக் மக்காவில் இருந்தது உண்மை. ஆனால் அவர் சேகரிப்பாக லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட மெழுகு உருளைகளை ஆய்ந்தவர்கள், ஹிஜாஸில் பதிவான அரபுப் பதிவுகளை 1906 முதல் 1909 வரையிலான காலத்தவை என்கிறார்கள். எடிசன் மெழுகு உருளைக் கருவியைச் செம்மைப்படுத்தியதே 1888இல்தான். ஓதலின் மேன்மைக்கு இருபது ஆண்டு குறைவதால் எந்தப் பழுதும் வந்துவிடாது. உண்மையான ஆண்டைச் சொல்வதில் நமக்கு என்ன தயக்கம்?

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் சரி, பிள்ளைகள் முன்னால் பாட்டு மட்டும் வேண்டாம்" என்றார். ஒப்புக் கொண்டேன், இன்று வரை அதைக் காத்தும் வருகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில் ஏமாற்றங்களுக்கும் குறைவில்லை. 2009இல் மும்பைக்குச் சென்றிருந்தபோது ஒரு பழம்பொருள் அங்காடியில் குழல் வைத்த கிராமபோன் ஒன்றை ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு மாதச் சம்பளத்துக்கு அது மிக அருகில். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், புது மரத்துக்குச் சாயம் பூசிப் பழசாக்கியிருக்கிறார்கள். உள்ளே ஏதோ ஒரு கைப்பெட்டியிலிருந்து பிடுங்கிய சுழலியந்திரம். முகப்பில் நாய்ப் படம் போட்ட புதுத் தகடு. பித்தளைக் குழல் மட்டும் கண்ணைப் பறிக்கும்படி மின்னியது. இப்படிப்பட்ட போலிகள் நம் நாட்டில் ஏராளமாகச் செய்யப்பட்டு வெளிநாட்டுக்கும் போகின்றன என்று பின்னர் அறிந்தேன். அளவுக்கு மீறி மின்னும் குழலைக் கண்டால் விலகி வந்துவிடுங்கள் என்பது நான் பட்டுத் தெரிந்து கொண்டது. என் இல்லாள் அந்தப் போலிக்குழலைக் கொல்லையில் கவிழ்த்து வைத்துக் கோழிக்குஞ்சுகளை மூடி வளர்த்தாள். அப்பெட்டியால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

இனி, சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கீழக்கரையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். பர்மாத் தேக்குக் கதவுகளும் தூண்களும் முதலிலேயே விலை போயிருந்தன. மிச்சம் மீதியை அள்ளிய காயலாங்கடைக்காரர் எனக்கு முன்பே பழக்கமானவர். "ஆலிம்சா, தையல் மிஷின் மாதிரி ஒண்ணு இருக்கு, தையல் மிஷினில்லை" என்று தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தேன். வளைந்த மூடியுள்ள ஓக் மரப் பெட்டி. மூடியை நீக்கினேன். நெஞ்சு படபடத்தது. எடிசனின் 'ஸ்டாண்டர்ட்' ஃபோனோகிராஃப்! 1898இல் விற்பனைக்கு வந்த வகை. பல ஆண்டுகளாகத் தேடியும் என் கைக்கு எட்டாதது. குழல் இல்லை, தோல் வார் இற்றுப் போயிருந்தது, ஆனால் உருளை மாட்டும் கூம்பும் திருகுத் தண்டும் பழுதில்லை. கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். பேரம் பேசினால் அவருக்கு அதன் அருமை தெரிந்துவிடுமோ என்ற அச்சம். இதை மறைக்காமல் ஒப்புக் கொள்கிறேன்; பின்னொரு நாள் அவரிடம் விவரத்தைச் சொல்லி மேலும் ஒரு தொகை கொடுத்த பிறகே மனம் அமைதியடைந்தது.

வீட்டில் வைத்துத் துடைத்தபோது பெட்டியின் அடித்தட்டில் ஓர் அட்டைக் குப்பி அகப்பட்டது. உட்புறம் பஞ்சுத்துணி ஒட்டியது. அதற்குள், நான்கு அங்குலத்துக்குச் சற்று நீளமான, வெல்லப்பாகு நிறத்து மெழுகு உருளை. கடையில் பாடல் பதித்து விற்றதன்று. வீட்டில் பேசிப் பதிவது. குப்பியின் மூடியில் மங்கிய மையால் அரபுத்தமிழில் இரண்டே வரி: "வாப்பா பேச்சு. பிள்ளைகள் தொடக் கூடாது."

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. உருளை முழுதும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைத் திட்டுகள். இப்படிப்பட்ட மெழுகு மிக மென்மையானது. கையின் சூடு பட்டாலே வெடித்துவிடக் கூடும். இரண்டு விரலை உட்துளையில் விட்டு விரித்துத்தான் தூக்க வேண்டும். பிற்காலத்துக் கடின உருளைகளுக்கான எடை கூடிய முனையை இதன் மேல் வைத்தால், குரலைக் கேட்பதற்குப் பதில் சீவியெடுத்து விடுவோம். ஏற்ற முனையை வைத்தாலும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சிறிது தேயவே செய்யும். ஒருமுறை கேட்டால், அதுவே கடைசி முறையாகவும் ஆகிவிடலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. பெட்டியை நான் விலைக்கு வாங்கினேன். இந்தக் குரலை எனக்கு யாரும் விற்கவில்லையே! இது அமானிதமல்லவா?

விசாரித்ததில், அந்த வீட்டு வழியில் மூத்தவராக எண்பத்தாறு வயது அம்மையார் ஒருவர், மகள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. குப்பியை எடுத்துக் கொண்டு போனேன். திரைக்கு அப்பால் அமர்ந்திருந்த அவரிடம் பேத்தி மூடியைக் கொண்டு கொடுத்தாள். நீண்ட நேரம் ஓசையில்லை. பிறகு, "இது எங்க உம்மா எழுத்து" என்றார்.

அவருடைய உம்மாவின் வாப்பா, அதாவது இவருடைய பாட்டனார், கொழும்பில் முத்தும் கல்லும் விற்றவராம். இவர் பிறப்பதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். ஒரு புகைப்படம் கூடக் கிடையாது. சிறு வயதில் உம்மா எப்போதோ, "எங்க வாப்பா பேச்சு அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கு" என்று சொன்னபோது, பிள்ளைகளை அச்சுறுத்துவதற்குச் சொன்ன கதை என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்களாம்.

நான் நிலைமையை எடுத்துச் சொன்னேன். ஊசி படாமலே, ஒளியால் படம் பிடித்து மெழுகின் கோடுகளைப் படித்து ஒலியாக்கும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபர் என்னும் அறிவியலாரும் அவர் குழுவினரும் அதை உருவாக்கினர். அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்ப முயன்று பார்க்கலாம் என்றேன்.

"எவ்வளவு நாளாகும், ஆலிம்சா?"

"ஆண்டுக்கணக்கில் கூட ஆகலாம், அம்மா. வழியில் உடையாது என்றும் சொல்ல முடியாது."

"எனக்கு எண்பத்தாறு வயசு. அது போயிட்டுத் திரும்புற வரைக்கும் நான் இருப்பேனா? எந்த ஊருக்கும் அனுப்பாதீங்க. தம்பி கொழும்பிலேயிருந்து வரட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை கேட்டுடுறோம். போனா போகட்டும்."

நூல்களைச் சார்ந்து வளர்ந்த என் மனம் அதை எளிதில் ஏற்கவில்லை. ஒரு நூறாண்டு ஆவணத்தைத் தெரிந்தே தேயச் செய்வதா? எகிப்தில் ஷைகு முஹம்மது ரிஃபஅத் அவர்களை நினைத்துக் கொண்டேன். 1934இல் எகிப்திய வானொலி அவர்களுடைய ஓதலோடுதான் தொடங்கியது. அவர்கள் 1950இல் மறைந்தார்கள். இன்று நாம் கேட்கும் அவர்களின் ஓதல்களில் பெரும்பகுதி, அன்பர்கள் வானொலியிலிருந்து வீட்டில் தட்டுகளில் பதிந்து வைத்தவை. இரைச்சலும் கீறலுமாக இருந்தாலும் அவை எஞ்சியதால் கேட்கிறோம். எஞ்சச் செய்வதல்லவா நம் கடமை என்று தோன்றியது. ஆனால் உருளை என்னுடையதன்று. அந்த அம்மையாருக்கு அது ஆவணமும் அன்று.

தம்பி வருவதற்கு ஐந்து மாதமாயிற்று. அதற்குள் தோல் வாரைப் புதிதாக வெட்டி மாட்டினேன். சுழலியந்திரத்தைக் கழுவி மசகிட்டேன். மென்மெழுகுக்கு ஏற்ற எடை குறைந்த முனையை மும்பை அன்பர் ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். குழலுக்குத் தகரப்பட்டறையில் சொல்லி ஒரு கூம்பு செய்து கொண்டேன். நிமிடத்துக்கு 160 சுற்று ஓடுகிறதா என்பதைக் கூம்பில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி எண்ணிப் பார்த்தேன். மெல்லிய தூரிகையால் பூஞ்சையை, தூசு தட்டும் அளவுக்கு மட்டும், நீக்கினேன்.

அன்று லுஹருக்குப் பின் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்தோம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். பேரன்மார் இருவர் தங்கள் கைப்பேசிகளைக் குழலுக்கு அருகில் பிடித்துக் கொண்டார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி முனையை இறக்கினேன்.

முதலில் எண்ணெய்ச் சட்டியில் நீர் தெளித்தாற் போன்ற இரைச்சல். பூஞ்சைத் திட்டு வரும்போதெல்லாம் குதிரைக் குளம்படி போல் ஒரு தட்டல். ஓர் உருளை இரண்டு நிமிடந்தான் ஓடும். அரை நிமிடம் கடந்துவிட்டது. நான் நம்பிக்கை இழந்தேன். அப்போது இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல், ஓர் ஆணின் குரல். சொற்கள் புரியவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. நிச்சயமாக அது தமிழ். நிறுத்தி நிறுத்திப் பேசினார். பேச்சின் நடுவே இருமினார். இரண்டு சிறு இருமல், சற்று இடைவெளி, பின் ஒரு நீண்ட இருமல். மறுபடி பேசினார். இரைச்சல் மூடிக் கொண்டது.

கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகி, 1902இல் கல்கத்தாவில் தட்டுகளுக்குப் பாடியபோது, ஒவ்வொரு பாடலின் முடிவிலும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார்; ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர்களுக்கு யார் பாடியது என்று தெரிவதற்காக. இந்த மனிதரும் கடைசியில் தம் பெயரைச் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. முனை விளிம்புக்கு வந்து நின்றது.

யாரும் பேசவில்லை. திரைக்கு அப்பாலிருந்து திடீரென்று சிரிப்பொலி கேட்டது. "தம்பி! இது உன் இருமலுடா!" என்றார் அந்த அம்மையார். கொழும்புத் தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது. இரண்டு சிறு இருமல், இடைவெளி, ஒரு நீண்ட இருமல். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பின்பு பார்த்தால் அந்தப் பெரியவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை வேணுமா, அம்மா?" என்று கேட்டேன். "வேணாம். அவங்களைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்றார்.

உருளையைக் குப்பியிலிட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன். பெட்டிக்கு விலை தருவதாக அவருடைய மருமகன் சொன்னார், வாங்கவில்லை. பெட்டியையே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். "உங்ககிட்டே இருந்தாத்தான் அது ஓடும்" என்று சொல்லி விட்டார்கள். ஆகவே இன்று எங்கள் கூடத்தில் ஐந்தாவதாக அமர்ந்திருப்பது அதுதான். அதற்கென்று என்னிடம் ஓர் உருளையும் இல்லை.

கைப்பேசிப் பதிவு மட்டும் அந்தக் குடும்பத்தில் ஊர் ஊராகச் சென்றிருக்கிறது. இருமலுக்கு முன்னால் வரும் ஒரு சொல்லைப் பற்றி அக்காளுக்கும் தம்பிக்கும் இன்னும் உடன்பாடில்லை. தம் உம்மாவின் பெயரைத்தான் பாட்டனார் அழைக்கிறார் என்பது அக்காளின் உறுதி. கொழும்பு என்று சொல்வதாகத் தம்பி சாதிக்கிறார். என்னை நடுவராக வைத்தார்கள். இருபது முறைக்கு மேல் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டுமே கேட்கவில்லை. சென்ற பெருநாளைக்கு முபாரக் சொல்லப் போயிருந்தபோதும், அந்த அம்மையார் திரைக்கு அப்பாலிருந்து முதலில் கேட்டது, "என்ன ஆலிம்சா, இப்பவாவது விளங்குச்சா?" என்றுதான்.